கிளட்ச்சும் ஒரு கழித்தல் கணக்கும்



போன மாதம் ஒரு கல்யாணத்தில் பார்த்தபோது உங்களில் நான்கைந்து பேர் ஒரே கேள்வியைக் கேட்டீர்கள். "டீச்சர், இன்னும் அந்த மாருதியையா ஓட்டறீங்க?" பந்திக்குப் போகிற அவசரத்தில் சிரித்துவிட்டு நகர்ந்துவிட்டேன். பதில் கொஞ்சம் நீளமானது. இன்று ஞாயிற்றுக்கிழமை, வீட்டில் வேலையும் இல்லை. அதனால் எழுதுகிறேன். பழைய கார் வைத்திருக்கும் பிள்ளைகளுக்குப் பயன்படும் விஷயமும் இதில் இருக்கிறது, பொறுமையாகப் படியுங்கள்.

எங்கள் மாருதி 800, 2004-ல் வாங்கியது. 796 சிசி, மூன்று சிலிண்டர், நாலு கியர். என் கணவர் வாங்கிய முதல் காரும் கடைசிக் காரும் அதுதான். அடுத்த வருடமே, என் 44-வது வயதில், எனக்கு ஓட்டக் கற்றுக்கொடுத்தார். அவர் 2017-ல் போய்விட்டார். 2019-ல் நான் ஓய்வு பெற்றேன். அதே வருடம் வண்டிக்கு 15 வருடம் முடிந்து, எஃப்.சி. காட்டிப் பதிவை 5 வருடம் நீட்டினேன். 2024-ல் மறுபடியும் நீட்டியாயிற்று. "உங்களுக்கு ரிட்டயர்மெண்ட் உண்டு, உங்க காருக்குக் கிடையாதா?" என்று பெங்களூரில் இருக்கும் என் பையன் கேலி செய்வான். கேலி என்றாலும் அதற்குள் ஒரு அக்கறை இருக்கிறது. 'இந்த வயதில் அம்மா தனியாகக் கார் ஓட்ட வேண்டுமா' என்பதுதான் அது.

எனக்கு அந்த வண்டி ஏன் வேண்டும் என்றால், என் அக்காவுக்காக. அக்கா பேளுக்குறிச்சிப் பக்கம் தோட்டத்து வீட்டில் இருக்கிறார். மாதம் இரண்டு தடவை நாமக்கல்லில் ஆஸ்பத்திரிக்குப் போக வேண்டும். நான் ராசிபுரத்திலிருந்து போய் அவரை ஏற்றிக்கொண்டு, சேந்தமங்கலம் வழியாக நாமக்கல் போவேன். பஸ்ஸில் ஏற அவருக்கு முட்டி ஒத்துழைக்காது. வாடகைக் கார் வைத்தால் ஒரு தடவைக்கு 1,200 ரூபாய். அதைவிட, "இன்னொருத்தர் வண்டியில காத்துக் கிடக்கறப்ப டாக்டர்கிட்ட நாலு வார்த்தை பேசக்கூட அவசரமா இருக்கு" என்பார் அக்கா. அது உண்மை.

2023 ஐப்பசி மாதம், நல்ல மழை நாள். அக்காவை ஏற்றிக்கொண்டு சேந்தமங்கலத்துக்குள் நுழைந்தேன். வேகத்தடைக்காகக் கியர் குறைக்கப் பார்த்தால் இரண்டாவது கியர் விழவில்லை. 'கர்ர்' என்று ஒரு சத்தம். முதல் கியரும் இல்லை. பின்னால் ஹாரன்கள். இஞ்சினை நிறுத்தினேன். டீக்கடையில் நின்ற இரண்டு பையன்கள் ஓரமாகத் தள்ளிவிட்டார்கள். அக்காவுக்கு ஒரு ஆட்டோ பிடித்து, டீக்கடைக்கார அம்மாவின் மகளையும் துணைக்கு அனுப்பி, ஆஸ்பத்திரிக்குப் போகச் சொன்னேன்.

பக்கத்தில் இருந்த பட்டறையிலிருந்து ஒருவர் வந்தார். பெயர் வேண்டாம், கெட்டவர் என்று சொல்ல மாட்டேன். உட்கார்ந்து பெடலை இரண்டு மிதி மிதித்தார். "கிளட்ச் போச்சுங்க. கியர்பாக்ஸ் இறக்கி ஏத்தணும். 9,500 ஆகும். வீட்ல ஆம்பளைங்க இருந்தாப் பேசச் சொல்லுங்க."

நான் கேட்டேன், "கிளட்ச்சுல எதுங்க போச்சு? எப்படித் தெரிஞ்சுது?"

"முப்பது வருஷமா இதைத்தானுங்க பாக்கறேன்" என்றார்.

பையனுக்குப் போன் போட்டேன். "அம்மா, அந்த வண்டியே இருபத்தஞ்சாயிரத்துக்குத்தான் போகும். அதுல பத்தாயிரம் போடறதா? இதோட வித்துருங்க. ஆஸ்பத்திரிக்கு நான் டாக்சிக்குப் பணம் அனுப்பறேன்" என்றான். அவன் கணக்கில் தப்பில்லை. ஆனால் எனக்குத் தெரிந்துவிட்டது, இன்றைக்கு வண்டியை விட்டால் இனி நான் ஸ்டியரிங்கைப் பிடிக்கப் போவதில்லை. நான் எங்கே போவதென்றாலும் ஒருவரைக் கேட்டுத்தான் போக வேண்டியிருக்கும்.

மழைக்கு டீக்கடைக்குள் ஒதுங்கி, உங்களில் ஒருவனுக்குப் போன் செய்தேன். 1996-ல் என்னிடம் நான்காம் வகுப்பு படித்தவன். இப்போது ராசிபுரத்தில் சின்னதாக ஒரு பட்டறை வைத்திருக்கிறான். பெயரைப் போடாதீர்கள் என்று கண்டிப்பாகச் சொல்லிவிட்டான், அதனால் 'தம்பி' என்றே எழுதுகிறேன். "தள்ளவோ கட்டி இழுக்கவோ வேண்டாங்க டீச்சர், நான் வர்றேன்" என்று ஒரு மணி நேரத்தில் பைக்கில் பையோடு வந்துவிட்டான்.

வந்தவன் வண்டியைத் தொடவில்லை. முதலில் என்னைக் கேள்வி கேட்டான்.

"திடீர்னு ஆச்சுங்களா, கொஞ்சம் கொஞ்சமாவா?"

யோசித்துப் பார்த்தால், ஒரு மாதமாகவே பெடல் மிதிக்கக் கனமாக இருந்தது. மழையால் இருக்கும் என்று விட்டுவிட்டேன். ஒரு வாரமாகக் காலையில் ரிவர்ஸ் போடும்போது உரசுகிற சத்தம்.

"இஞ்சின் ஓடறப்பக் கியர் விழலையா, நின்னாலும் விழலையா?"

இது எனக்குத் தெரியவில்லை. "போட்டுப் பாருங்க" என்றான். இஞ்சின் நின்றிருக்கும்போது நாலு கியரும் ரிவர்ஸும் வெண்ணெய் மாதிரி விழுந்தன. "அப்பக் கியர்பாக்ஸ் நல்லா இருக்குது. கிளட்ச்தான் விடமாட்டேங்குது" என்றான்.

"ஏத்தத்துல இஞ்சின் மட்டும் கத்தி வண்டி போகாம இருந்துச்சுங்களா? கருகின வாசனை?" இல்லை. "பெடலை மிதிச்சா உள்ள ஏதாச்சும் சத்தம்?" இல்லை.

பிறகுதான் பானட்டைத் திறந்தான். என்னை உட்கார வைத்துப் பெடலை மெதுவாக மிதிக்கச் சொன்னான். அவன் குனிந்து, கியர்பாக்ஸின் மேல் இருக்கும் சின்ன லீவரைப் பார்த்தான். "டீச்சர், பெடல் தரை வரைக்கும் போகுது. இங்க லீவர் கொஞ்சூண்டுதான் நகருது. நடுவுல எங்கியோ காணாமப் போகுது." டார்ச்சை எடுத்துக்கொண்டு டேஷ்போர்டுக்கு அடியில் தலையை விட்டான். "இதோ இருக்குதுங்க."

என்னையும் குனிந்து பார்க்கச் சொன்னான். பெடலையும் கிளட்ச்சையும் இணைப்பது ஒரு கம்பி கேபிள். பல மெல்லிய இழைகளை முறுக்கிச் செய்தது. பெடல் மாட்டும் முனையில் இழைகள் ஒவ்வொன்றாக அறுந்து, துடைப்பக்குச்சி மாதிரி விரிந்து நின்றன. நாலைந்து இழைதான் மிச்சம். அந்த நாலைந்து இழையும் இழுபட்டு நீண்டதால், நான் எவ்வளவு மிதித்தாலும் மறுமுனைக்குப் போய்ச் சேரவில்லை. பெடல் ஒரு மாதமாகக் கனத்ததும் இதனால்தான். அறுந்த இழைகள் உறைக்குள் சிக்கி உரசியிருக்கின்றன.

நாமக்கல் போய்ப் புதுக் கேபிள் வாங்கி வந்தான், 420 ரூபாய். மாட்ட முக்கால் மணி நேரம். நட்டைத் திருகி அளவு வைத்துவிட்டு, கூலி 250 என்று நான்தான் முடிவு செய்தேன். அவன் வேண்டாம் என்றான். "நான் சம்பளம் வாங்காமயா உனக்குப் பாடம் நடத்தினேன்?" என்றதும் வாங்கிக்கொண்டான். மொத்தம் 670 ரூபாய்.

நாமக்கல் வரை நான் ஓட்ட, அவன் பக்கத்தில் உட்கார்ந்து வந்தான். அப்போதுதான் கேட்டான். "டீச்சர், நீங்க 403-ல 178 போனா எத்தனைன்னு கேட்டது ஞாபகம் இருக்குதுங்களா?"

எனக்கு இல்லை. அவனுக்கு இருந்தது. அந்தக் கணக்குக்கு அவன் 275 என்று எழுதினானாம். நான் சிவப்பு மையில் பெருக்கல் குறி போட்டு, பத்துத் தடவை எழுதி வரச் சொன்னேனாம். மறுநாள் பத்துத் தடவை எழுதி வந்தான். பத்திலும் 275. காதைத் திருகினேனாம். "அப்புறம் ஒரு நாள் என்னைப் பக்கத்துல உட்கார வச்சு, 'வாய்விட்டுச் சொல்லிட்டே போடு கண்ணு'ன்னு சொன்னீங்க. பூஜ்யத்துல தடுக்கிட்டேன்னு அப்பத்தான் கண்டுபிடிச்சீங்க. குச்சிக்கட்டைப் பிரிச்சுக் காட்டினீங்க. அன்னையிலருந்து கழித்தல் தப்பினதில்லைங்க."

இப்போது எனக்கும் ஞாபகம் வந்தது, அவன் முகம் அல்ல, அந்தத் தப்பு. ஒன்றாம் இடத்தில் 3-லிருந்து 8 போகாது. கடன் வாங்கப் போனால் பத்தாம் இடத்தில் பூஜ்யம். அதனால் பிள்ளை அதைத் தாண்டிப் போய் நூறாம் இடத்து 4-லிருந்து ஒன்றை வாங்கி 13 ஆக்கிவிடும். 13-ல் 8 போனால் 5, சரி. பத்தாம் இடத்தில் 0-வில் 7 போகாது என்றதும், 7-ல் 0 போனால் 7 என்று எழுதிவிடும். மிச்சம் 3-ல் 1 போனால் 2. ஆக 275. சரியான விடை 225. அந்தப் பிள்ளைக்குக் கழித்தல் தெரியும், கடன் வாங்கவும் தெரியும். 'பூஜ்யத்திடம் வாங்க வேண்டுமென்றால் முதலில் பூஜ்யம் பக்கத்து வீட்டில் வாங்கிப் பத்தாக வேண்டும்' என்ற ஒரே ஒரு படிதான் தெரியாது. அந்த ஒரு படிக்காக நான் முழுக் கணக்கையும் பத்துத் தடவை எழுதவைத்தேன். தெரியாததைப் பத்துத் தடவை எழுதினால் தெரியாதது மனப்பாடமாகும், அவ்வளவுதான்.

ஆசிரியர் பயிற்சியில் எங்களுக்கு இதற்கென்றே ஒரு பாடம் உண்டு. குறையறி சோதனை, அதன் பிறகு குறைதீர் கற்பித்தல். எங்கே தவறுகிறான் என்று முதலில் கண்டுபிடி, பிறகு அந்த இடத்தை மட்டும் சரிசெய். தேர்வில் நான் நன்றாகவே எழுதினேன். ஆனால் நாற்பது பிள்ளைகளை வைத்துக்கொண்டு வகுப்பில் நிற்கும்போது, "இவனுக்குக் கணக்கே வராது" என்று சொல்வது சுலபம். "கிளட்ச் போச்சு, இறக்கி ஏத்தணும்" என்பதும் அதே சுலபம்தான். "முப்பது வருஷமா பாக்கறேன்" என்ற அந்த வார்த்தையை நானும் ஆசிரியர் அறையில் எத்தனையோ தடவை சொல்லியிருக்கிறேன். அதனால்தான் அந்த மெக்கானிக் மேல் எனக்குக் கோபம் வரவில்லை.

சரி, இனிப் பாடம். கார் வைத்திருப்பவர்கள் கவனியுங்கள்.

கிளட்ச் என்ன செய்கிறது? இஞ்சின் எப்போதும் சுற்றிக்கொண்டே இருக்கும். சக்கரம் சில நேரம் நிற்க வேண்டும், கியர் மாற்றும்போது இரண்டையும் பிரிக்க வேண்டும். உங்கள் இரண்டு உள்ளங்கைகளுக்கு நடுவில் ஒரு சிலேட்டை வைத்து அழுத்திக்கொள்ளுங்கள். கைகள் எந்தப் பக்கம் போனாலும் சிலேட்டும் கூடவே வரும். கைகளைத் தளர்த்தினால் சிலேட்டு வராது. ஒரு கை ஃப்ளைவீல், மறு கை பிரஷர் பிளேட், இரண்டும் இஞ்சினோடு சுற்றுபவை. சிலேட்டு என்பது கிளட்ச் பிளேட், அது கியர்பாக்ஸோடு சேர்ந்தது. பெடலை மிதித்தால் கை தளரும், விட்டால் பிடிக்கும்.

ஆகவே குறை பெரும்பாலும் இரண்டு வகைதான். விட வேண்டிய நேரத்தில் விடாமல் இருப்பது, பிடிக்க வேண்டிய நேரத்தில் பிடிக்காமல் நழுவுவது. இரண்டுக்கும் காரணம் வேறு, செலவு வேறு. "கிளட்ச் போச்சு" என்று ஒரே பெயரில் சொன்னால் எது என்று தெரியாது.

1. விடாமல் இருந்தால்: கியர் விழாது, ரிவர்ஸ் போட்டால் உரசும், இஞ்சின் நின்றிருந்தால் மட்டும் எல்லாக் கியரும் விழும். சோதிப்பது எப்படி? இஞ்சினை நிதானமாக ஓடவிட்டு, நியூட்ரலில் பெடலை முழுதும் மிதித்து, நாலைந்து வினாடி பொறுத்து மெதுவாக ரிவர்ஸ் போடுங்கள். பொறுத்த பிறகும் உரசினால் கிளட்ச் விடவில்லை. முதலில் பார்க்க வேண்டியது கேபிளும் அதன் அளவும். பெடலைக் கையால் அழுத்திப் பாருங்கள். கனம் தட்டுவதற்கு முன் கொஞ்சம் லொடலொட என்று வர வேண்டும். என் வண்டியில் அது சுமார் 2 செ.மீ., மற்ற வண்டிகளுக்கு அவற்றின் கையேட்டில் பாருங்கள். அது மிக அதிகமாக இருந்தால் கேபிள் நீண்டிருக்கும் அல்லது அறுந்துகொண்டிருக்கும்.

2. கேபிளுக்குப் பதில் ஆயிலில் வேலை செய்யும் கிளட்ச் பல கார்களில் உண்டு. அதில் பெடல் பஞ்சு மாதிரி இறங்கினாலோ, இரண்டு மூன்று தடவை அடித்தால் மட்டும் சரியானாலோ, ஆயில் கசிவு அல்லது காற்று புகுந்திருக்கலாம். டப்பாவில் அளவைப் பாருங்கள், பெடலுக்குப் பின்னாலும் கியர்பாக்ஸ் அருகிலும் ஈரம் இருக்கிறதா பாருங்கள். பல வண்டிகளில் பிரேக்குக்கும் கிளட்ச்சுக்கும் ஒரே டப்பாதான். அளவு குறைந்தால் அது பிரேக் விஷயமும்கூட, ஒரு நாளும் தள்ளிப் போடாதீர்கள்.

3. பிடிக்காமல் நழுவினால்: ஏற்றத்தில் ஆக்சிலேட்டர் கொடுத்தால் இஞ்சின் கத்தும், வேகம் ஏறாது, கருகின வாசனை வரும். சோதிக்க, சமதளத்தில், எதிரில் யாரும் இல்லாத இடத்தில், ஹேண்ட் பிரேக்கை நன்றாக இழுத்து, நாலாவது கியர் போட்டு, லேசாக ஆக்சிலேட்டர் கொடுத்துப் பெடலை மெதுவாக விடுங்கள். இஞ்சின் திணறி நின்றுவிட்டால் பிடி இருக்கிறது. நிற்காமல் ஓடினால் நழுவுகிறது, உடனே பெடலை மிதித்து இஞ்சினை நிறுத்துங்கள். ஒரே ஒரு தடவைதான், திரும்பத் திரும்பச் செய்தால் இருக்கும் பிளேட்டும் கருகும். அப்படி நழுவினாலும் உடனே இறக்கச் சொல்லாதீர்கள். கேபிள் மிக இறுக்கமாக வைத்திருந்தாலும் நழுவும், நட்டைத் தளர்த்தினால் சரியாகிவிடும். முதலில் அதைப் பாருங்கள்.

4. சத்தம்: பெடலை மிதிக்கும்போது மட்டும் 'ஙொய்' என்று வந்தால் ரிலீஸ் பேரிங்கைச் சந்தேகப்பட வேண்டும். நியூட்ரலில் காலை எடுத்திருக்கும்போது வந்து, மிதித்தால் நின்றால், அது கியர்பாக்ஸ் உள்ளே இருக்கும் பேரிங். வண்டி கிளம்பும்போது குதிரை மாதிரி குதித்தால், பிளேட்டில் ஆயில் பட்டிருக்கலாம், இஞ்சின் மவுண்டும் தளர்ந்திருக்கலாம்.

செலவில்லாத சோதனையை முதலில், செலவுள்ளதைக் கடைசியில். வரிசை அவ்வளவுதான்.

அன்றைக்குச் சேந்தமங்கலத்தில் தம்பி இந்த ஹேண்ட் பிரேக் சோதனையையும் செய்தான். இஞ்சின் உடனே நின்றது. "பிளேட் இன்னும் இருக்குதுங்க, ஆனா எத்தனை நாள்னு சொல்ல முடியாது" என்றான். நாமக்கல் போய்ச் சேர்ந்ததும் இறங்காமல் இன்னொன்றும் சொன்னான். "கோவிச்சுக்கக் கூடாது டீச்சர். நீங்க கியர் மாத்தாதப்பவும் இடது கால் கிளட்ச் மேலயே இருக்குது." உண்மைதான். பதினெட்டு வருடப் பழக்கம். காலின் கனம் சும்மா இருந்தாலும் பிடியை லேசாகத் தளர்த்தும், பிளேட் தேயும், பேரிங் தேவையில்லாமல் சுற்றும். "குச்சியைக் கையில வச்சுட்டே பாடம் நடத்தற மாதிரிங்க, அடிக்கலைன்னாலும் பசங்க தேஞ்சு போயிருவாங்க" என்று சொல்லிவிட்டு ஓடிவிட்டான். குச்சி வைத்திருந்ததை நான் மறுக்கவில்லை.

இதோடு முடித்தால் கதை அழகாக இருக்கும். ஆனால் நடந்ததை முழுதும் சொல்ல வேண்டும்.

2025 தை மாதம், அக்காவின் நெடுநாள் ஆசைக்காகக் கொல்லிமலை அறப்பளீஸ்வரர் கோவிலுக்குக் கிளம்பினோம். அந்த மலைக்கு 70 கொண்டை ஊசி வளைவுகள். காரவள்ளி தாண்டி ஏற்றம் தொடங்கியது. மூன்றாவது வளைவில் இரண்டாவது கியரில் இஞ்சின் கத்தியது, வண்டி தவழ்ந்தது. லேசாகக் கருகின வாசனை. பழைய நான் என்றால் இன்னும் ஆக்சிலேட்டர் கொடுத்து மேலே போகப் பார்த்திருப்பேன். அன்று அகலமான இடத்தில் நிறுத்தி, வண்டி ஆற விட்டு, திருப்பிக் கீழே இறக்கிவிட்டேன். அக்கா மலையைப் பார்த்து அங்கிருந்தே கும்பிட்டுக்கொண்டார்.

வீட்டுக்கு வந்து மறுநாள் காலை நானே சோதித்தேன். பெடலில் லொடலொட சரியாக 2 செ.மீ. இருக்கிறது, எனவே கேபிள் இறுக்கம் இல்லை. வாசலில் ஹேண்ட் பிரேக் போட்டு நாலாவது கியரில் ஒரே தடவை விட்டுப் பார்த்தேன். இஞ்சின் நிற்கவில்லை. தம்பிக்குப் போன் செய்து மூன்றையும் வரிசையாகச் சொன்னேன். "ஏத்தத்துல நழுவுது. பிளே சரியா இருக்கு. ஹேண்ட் பிரேக் போட்டும் ஆஃப் ஆகல. பிளேட் தேஞ்சிருக்கு, இல்லைன்னா ஆயில் பட்டிருக்கு."

சிறிது நேரம் சத்தமே இல்லை. பிறகு, "இறக்கிரலாங்க டீச்சர். இனி நான் கேக்கறதுக்கு ஒண்ணும் இல்லை" என்றான்.

இந்தத் தடவை நான் சிக்கனம் பார்க்கவில்லை. இதுவும் ஒரு பாடம், குறித்துக்கொள்ளுங்கள். கியர்பாக்ஸை இறக்கி ஏற்றுவதில் பெரும் பங்கு கூலி. பிளேட்டை மட்டும் மாற்றிவிட்டு, ஆறு மாதத்தில் பேரிங் போனால் அதே கூலியை மறுபடி கொடுக்க வேண்டும். அதனால் இறக்கினால் பிளேட், பிரஷர் பிளேட், ரிலீஸ் பேரிங் மூன்றையும் சேர்த்து மாற்றிவிடுங்கள். இஞ்சினின் பின்பக்க ஆயில் சீலில் கசிவு இருந்தால் அதையும் அப்போதே மாற்ற வேண்டும், இல்லையென்றால் புதுப் பிளேட்டிலும் ஆயில் படும். ஃப்ளைவீல் முகத்தில் வெடிப்போ நீலம் பாய்ந்த தடமோ இருக்கிறதா பார்க்கச் சொல்லுங்கள். என் வண்டியில் அது நன்றாக இருந்தது, லேத்துக்கு அனுப்பத் தேவைப்படவில்லை. உள்ளே இருக்கும் கருந்தூளைக் காற்றடித்து ஊதாமல் ஈரத்துணியால் துடைக்கச் சொல்லுங்கள். பழைய பிளேட்டுகளின் தூள் நுரையீரலுக்குக் கெடுதல். தம்பி முகக்கவசம் போட்டுக்கொண்டான், நான் நின்று பார்த்தேன்.

கணக்கு இதோ. மூன்றும் சேர்ந்த செட் 3,100. ஆயில் சீல் 280. கியர் ஆயில் 620. கூலி 2,000. ஆக 6,000 ரூபாய். பழைய பிளேட்டைக் கேட்டு வாங்கிப் பார்த்தேன். தேய்ந்து ரிவிட் வரைக்கும் வந்திருந்தது. ஒரு ஓரத்தில் இருந்த பளபளப்பைக் காட்டி, "இது உங்க இடது காலுங்க" என்றான்.

உறவினர்களில் சிலர் உடனே கேட்பீர்கள், "எப்படியும் 6,000 செலவாயிற்றே, அன்றைக்கே 9,500 கொடுத்திருந்தால் என்ன?" நியாயமான கேள்வி. அன்றைக்குக் குறை கேபிளில். கிளட்ச் செட்டை மாற்றிவிட்டு அறுந்த கேபிளையே திரும்ப மாட்டியிருந்தால் 9,500-ம் போய், கியரும் விழுந்திருக்காது. அதோடு, தேயாத பிளேட் எனக்கு இன்னும் ஒரு வருடத்துக்கு மேல் உழைத்தது.

பையனுக்கும் கணக்குப் போட்டு அனுப்பினேன். டாக்சி என்றால் ஒரு தடவைக்கு 1,200. என் வண்டியில் பெட்ரோல் 300. மிச்சம் 900. மாதம் இரண்டு தடவைக்கு 1,800. மூன்றரை மாதத்துக்குள் 6,000 திரும்பிவிடும். "சரிங்கம்மா, ஒத்துக்கறேன்" என்று பதில் போட்டான். கூடவே நானும் ஒன்று எழுதிக் கொடுத்திருக்கிறேன். கண் டாக்டர் வேண்டாம் என்றாலோ, அடிப்பகுதி துரு பிடித்து வெல்டிங் தாங்காது என்று தம்பி சொன்னாலோ, மறுபேச்சு இல்லாமல் சாவியைக் கொடுத்துவிடுவேன். கிளட்ச்சுக்காகக் கொடுக்க மாட்டேன்.

கடைசியாக மாணவர்களுக்கு ஒரு வார்த்தை. அந்தத் தம்பியைப் பக்கத்தில் உட்கார வைத்து 'சொல்லிக்கொண்டே போடு' என்று கேட்க எனக்கு ஒரு நாள் வாய்த்தது. அவனுக்குச் சரியாயிற்று. ஆனால் 35 வருடத்தில் எத்தனை பேரிடம் அப்படிக் கேட்காமல் பத்துத் தடவை எழுதச் சொல்லிவிட்டு அடுத்த பாடத்துக்குப் போயிருப்பேன்? உங்களில் யாராவது "எனக்குக் கணக்கே வராது" என்று இன்றும் சொல்லிக்கொண்டிருந்தால், அது நீங்கள் சொன்னதில்லை, அநேகமாக நான் சொன்னது. ஏதோ ஒரு பூஜ்யத்தில் தடுக்கியிருப்பீர்கள், நான் குனிந்து பார்த்திருக்க மாட்டேன். வருத்தப்படுகிறேன். உங்கள் பிள்ளைகள் தப்பாகக் கணக்குப் போட்டால், திட்டுவதற்கு முன் அவர்களை வாய்விட்டுச் சொல்லிக்கொண்டே போடச் சொல்லுங்கள். இரண்டு நிமிடம்தான் ஆகும்.

வருகிற வியாழக்கிழமை அக்காவுக்கு ஆஸ்பத்திரி நாள். வண்டி வாசலில் தயாராக நிற்கிறது. இடது காலை எடுத்துத் தரையில் வைத்துக்கொள்ளப் பழகிவிட்டேன். மறந்தால் அக்கா பின்சீட்டிலிருந்து, "ஏம்மா, காலு" என்று ஞாபகப்படுத்துகிறார்.

அன்புடன்,
உங்கள் டீச்சர்